கலைச்சொல்: துண்டுபட்ட ஒலிக்கோப்புகளை ‘மூட்டுதல்’

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒலித்தொகுப்பு மென்பொருளின் தமிழாக்கத்தில் ஒரே ஒரு கட்டளைக்காக மூன்று நாளாக நிற்கிறோம். துண்டு துண்டாகப் பதிவான கோப்புகளை வரிசையாக வைத்து, மறுபடி ஒரே கோப்பாக்கும் கட்டளை அது. ‘இணை’ என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஏன் என்பதை, போன மாதம் என் கையில் வந்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன்.

என் நண்பர் ஒருவர் டிஜே. ஓர் இரவு மூன்றரை மணி நேரம் நிறுத்தாமல் போட்ட மிக்ஸை, கையடக்கப் பதிவுக் கருவி ஒன்றில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவாகப் பிடித்திருந்தார். அதாவது நொடிக்கு 2,88,000 பைட்டு. அந்தக் கருவி 2 ஜிபி நிறைந்ததும் கோப்பை மூடி, அடுத்ததைத் திறந்துவிடும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2 மணி 4 நிமிடத்தில் முதல் கோப்பு முடிகிறது. பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இருக்கும் கச்சேரியானால் பரவாயில்லை. டிஜே மிக்ஸில் இடைவெளி ஏது? ஒரு பாட்டின் வாலும் அடுத்த பாட்டின் தலையும் ஒரே தாளத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஓடிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு கிக் டிரம் அடியின் நடுவிலேயே கோப்பு அறுந்திருந்தது.

அவர் முதலில் இரண்டையும் தனித்தனியாக எம்பி3 ஆக்கி, பிறகு ஒட்டிப் பார்த்தார். தாளம் தடுக்கியது. எம்பி3 குறியாக்கத்தின் இயல்பே அப்படித்தான். லேம் என்ற எம்பி3 குறியாக்கி தொடக்கத்தில் 576 சாம்பிள் (ஒலியலையை அளந்தெடுத்த புள்ளி, இங்கே நொடிக்கு 48,000) வெறுமையைச் சேர்க்கும், இசைப்பானின் பக்கத்தில் இன்னொரு 529 சேரும். எம்பி3 ஒலியைச் சட்டம் சட்டமாக (ஃபிரேம்) வெட்டி வைக்கும், கடைசிச் சட்டம் 1,152 சாம்பிளுக்குக் குறைந்தால் அதையும் வெறுமையால் நிரப்பியாக வேண்டும். முன்பக்கத் தாமதம் மட்டுமே 23 மில்லிநொடி. நிமிடத்துக்கு 125 அடி ஓடும் இசையில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் 480 மில்லிநொடிதான். அதில் 23 தள்ளிப்போனால் ஆடுகிற கால் கண்டுபிடித்துவிடும்.

அப்புறம் கருவி பதிந்த மூல வேவ் கோப்புகளையே பைட்டுக்குப் பைட்டு ஒட்டினார். எளிய வேவ் கோப்பின் தொடக்கத்தில் நீளம் முதலிய விவரங்களை எழுதிவைக்கும் தலைப்பகுதி 44 பைட்டு. முதல் கோப்பின் தலையில் அதன் பழைய நீளமே எழுதியிருந்ததால், இசைப்பான் 2 மணி 4 நிமிடத்தோடு நின்றுவிட்டது. நீளத்தை மட்டும் திருத்தினாலும் தீராது: இரண்டாவது கோப்பின் தலை நடுவில் கிடக்கிறது. 24 பிட் ஸ்டீரியோவில் இடமும் வலமும் சேர்ந்த ஒரு சாம்பிளுக்கு 6 பைட்டு. 44ஐ ஆறால் வகுத்தால் மீதி 2. அந்த இரண்டு பைட்டால் அதற்குப் பிறகு வரும் ஒன்றரை மணி நேரமும் இடம் பிசகி வெறும் இரைச்சலாகிவிடும்.

சரியான வழி எளிமையானதுதான். இரண்டு தலைகளையும் கழற்றிவிட்டு, ஒலித்தரவோடு ஒலித்தரவைச் சேர்த்து, முழு நீளத்துக்கும் புதுத் தலை எழுத வேண்டும். எஃப்எஃப்எம்பெக், சாக்ஸ் என்ற கட்டளைவரிக் கருவிகள் இரண்டுமே இதைச் செய்யும். நான் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் செய்தேன். சாம்பிள்கள் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும்வரை பெரிதாக்கிப் பார்த்தால், முதல் கோப்பின் கடைசிப் புள்ளி அலையின் ஏற்றத்தில் நிற்கிறது. அடுத்த கோப்பின் முதல் புள்ளி அதே ஏற்றத்தின் அடுத்த படி. ஒரு புள்ளி கூடவில்லை, ஒரு புள்ளி குறையவில்லை. நமக்கு வேண்டிய சொல் இந்தச் செயலுக்கானது.

‘இணை’ ஏற்கெனவே களைத்துப்போன சொல். மின்னஞ்சலில் இணைப்பு, இணையத்தில் இணைப்பு, புளூடூத் கருவியோடு இணைப்பு. ‘ஒட்டு’ வெட்டு, நகலெடு இவற்றோடு போய்விட்டது. ‘சேர்’ என்றால் பட்டியலில் ஒன்றைக் கூட்டுவது. ‘கல’ இருக்கிறது, ஆனால் அது ஒன்றின் மேல் ஒன்றாக ஒலிக்கச் செய்வது, டிஜேயின் வேலை. ‘கோ’ எனக்கு மிகவும் பிடித்த சொல். கோப்பு என்பதே கோத்தலில் பிறந்ததுதானே. ஆனால் கோத்த மணிகள் தனித்தனி மணிகளாகவே இருக்கின்றன. இசைப்பட்டியலுக்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

ஒருவர் ‘புணர்த்து’ என்று முன்மொழிந்திருந்தார். பொத்தானில் அந்தச் சொல்லை வைக்கத் தயங்குவீர்கள், நானும் தயங்குகிறேன். ஆனால் அவர் காட்டிய திசை அருமையானது, அதை விட்டுவிடக் கூடாது. இலக்கணத்தின் புணர்ச்சியில் நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது எதுவும் மாறாவிட்டால் இயல்பு: வாழை, மரம், வாழைமரம். மாறினால் மூன்று விதம். வாழைப்பழத்தில் ஒற்று தோன்றுகிறது, பொற்குடத்தில் னகரம் திரிகிறது, மரவேரில் மகரம் கெடுகிறது. நம் கோப்புகளுக்கு நேர்வதும் இவையேதான். எம்பி3 ஒட்டில் வெறுமை தோன்றியது தோன்றல். மறுபடி குறியாக்கம் செய்து தரம் மாறினால் திரிதல். கோப்பு மாறும் நொடியில் கருவி சில சாம்பிள்களைத் தவறவிட்டால் கெடுதல். பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரிந்த மூன்று சொற்கள். பிழைகளின் பெயர்களாக அவற்றையே எடுத்துக்கொள்வோம்.

செயலுக்கு என் முன்மொழிவு ‘மூட்டு’. கைலி வாங்கினால் தையல்காரரிடம் கொடுத்து மூட்டி வாங்குகிறோம். இரண்டு ஓரங்களையும் கட்டம் கட்டத்தோடு சேரும்படி வைத்துத் தைப்பார். துணி மாறுவதில்லை, கோடு தப்புவதில்லை, அதன்பின் அது சுற்றி வரும் ஒரே துணி. ஒரே நெசவில் வந்த ஓரங்களைச் சேர்ப்பதற்கு மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல் இது. சேர்ந்த இடத்துக்கு ‘மூட்டுவாய்’ என்ற சொல்லும் தமிழில் உண்டு, புதிதாக உருவாக்கத் தேவையில்லை. முழங்கால் மூட்டும் தீ மூட்டுவதும் குழப்புமே என்றால், ‘கோப்புகளை மூட்டு’ என்று படிப்பவர் யாருக்கும் முழங்கால் நினைவுக்கு வராது என்றே நம்புகிறேன்.

ஆக மெனுவில் ‘கோப்புகளை மூட்டு’, பார்வைப் பட்டியலில் ‘மூட்டுவாய்களைக் காட்டு’. ஒரு சாம்பிளும் மாறாத வகைக்கு ‘இயல்பு மூட்டல்’. ஒன்று 44.1, மற்றது 48 கிலோஹெர்ட்ஸாக இருந்தால், ‘சாம்பிள் வீதம் வேறுபடுகிறது. இயல்பாக மூட்ட முடியாது. மாற்றி மூட்டவா?’ என்று கேட்கட்டும். மூட்டிய கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் வேவ் தலைப்பில் நீளத்தை எழுத இடம் போதாது. அங்கே பெரிய கோப்புகளுக்கான ஆர்எஃப்64 ஆகவோ, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் ஆகவோ சேமிக்கச் சொல்லும் வரியும் வேண்டும். அதை நான் எழுதி அனுப்புகிறேன்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். ஓர் ஒலி மங்க மங்க அடுத்தது எழும் கிராஸ்ஃபேடுக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. அதற்குத் தனி மடல் தொடங்கலாம், இதோடு சேர்த்துப் பேச வேண்டாம்.

அன்புடன்.