அம்பாசடர் மார்க் 3: பின் ஆக்சில் மாற்றவும் முன் டிஸ்க் பிரேக் போடவும் உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 1978ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 3. அப்பா வாங்கிய வண்டி. விற்கும் எண்ணம் அறவே இல்லை. பின் ஆக்சிலுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர இணையான கிரவுன் பினியன் தேய்ந்துபோய், வேகம் கூடினால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது. வலப்பக்க ஆயில் சீல் கசிந்து, கியர் ஆயில் டிரம்முக்குள் இறங்கி, பிரேக் ஷூ பளபளவென்று நனைந்து கிடக்கிறது.

1990களில் வந்த இசுசு எஞ்சின் அம்பாசடரின் பின் ஆக்சில் ஒன்று முழுதாகக் கோவையில் கிடைக்கிறது. அதை மார்க் 3இல் ஏற்றியவர்கள் யாரேனும் உண்டா? ஸ்பிரிங் பட்டைகள் அமரும் இடம் அப்படியே பொருந்துகிறதா? கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளமும், அதை ஆக்சிலோடு போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்ச் துளைகளும் ஒத்துப்போகின்றனவா? கிரவுன் பினியனின் பல் விகிதம் மாறினால் ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுமே, அதை எப்படிச் சரிசெய்தீர்கள்?

பிரேக்தான் பெரிய கவலை. நான்கு சக்கரத்திலும் டிரம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது டிரம் சூடேறி விரிய, பிரேக் மிதி ஒவ்வொரு வளைவிலும் இன்னும் கொஞ்சம் கீழே போகிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இப்படி இறங்க மனம் ஒப்பவில்லை. முன்னால் டிஸ்க் போட்டால் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் (ஒரு சுற்றில் ஆயில் கசிந்தாலும் மற்றது பிடிக்கும்), மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டரும் சேர்த்தே போடப்போகிறேன். ஏனென்றால், டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர், பிரேக் குழாயில் தேக்கிவைக்கும் அழுத்தம் டிஸ்க் பேடை ஓயாமல் உரசவைக்கும். பூஸ்டரை எங்கே பொருத்தினீர்கள்? பின் சக்கரம் முந்திப் பூட்டிக்கொள்ளாமலிருக்கத் தனி வால்வு தேவைப்பட்டதா?

வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதற்குக் குறுக்கே வருமா என்பதையும், ஆர்.சி. புதுப்பித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். டிஸ்க் பிரேக்கைப் பொருத்தும் பிராக்கெட்டின் படம் இருந்தால் அவசியம் பகிருங்கள்.