பிள்ளைக்கு அருமை தெரிய வேண்டும் என்று கஷ்டப்படுத்தலாமா?

திருப்பூர் அப்பா:

வணக்கம். எங்கள் வீடு ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியாகிவிட்டது. பையனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு, ஒரே பிள்ளை. கேட்டதெல்லாம் கிடைத்து வளர்ந்தவன். போன மாதம் அவன் பிறந்தநாளுக்கு என் மனைவி கடை கடையாக ஏறி இறங்கி ஒரு ஷூ வாங்கி வந்தாள். பெட்டியைத் திறந்தவன், "இந்த மாடலை யார் கேட்டா?" என்று ஓரமாகத் தள்ளிவிட்டான். அழுது அடம்பிடித்து வாங்கிய கியர் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே காற்று இறங்கிக் கிடக்கிறது.

நான் உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். பள்ளிச் சீருடையே தீபாவளிச் சட்டையாக இருந்த வீடு. இப்போது சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். என் அப்பா சொல்கிறார்: "நிழலோட அருமை வெயில்லதான் தெரியும். லீவுக்கு இங்க அனுப்பு. போன் கிடையாது, கஞ்சிதான். ரெண்டு மாசம் ஆடு மேய்ச்சா சரியாயிருவான்." மனைவி ஒரேயடியாக மறுக்கிறாள். "இருக்கிறதை ஒளிச்சு வச்சிட்டு இல்லாத மாதிரி நடிச்சா, அவன் நம்மளத்தான் வெறுப்பான்" என்கிறாள். கஷ்டப்பட்டதால்தான் நான் பெற்றவர்களை மறக்காமல் இருக்கிறேன் என்பது என் நம்பிக்கை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:

யோசிக்காமல் அனுப்புங்கள் சார். நான் ஆறாவதிலிருந்து விடுதியில் வளர்ந்தவன். என் துணியை நானே துவைத்தேன், வரிசையில் நின்று சாப்பிட்டேன். இன்றைக்கும் தட்டில் ஒரு பருக்கை மீதம் வைக்க மாட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது இல்லை.

சாத்தூர்க்காரி:

காவிரிக்கரை தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. பருக்கை மிச்சம் வைக்காதது நல்ல பழக்கம்தான். ஆனால் நன்றி அதிலிருந்து வந்துவிடாது. ஒரே வீட்டில் ஒரே கஷ்டம் இரண்டு பிள்ளைகளை இரண்டு விதமாக ஆக்கியதைப் பார்த்தவள் நான், அதனால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கரிசல் பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான் கதி. எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எண்பதுகளில் விடிவதற்கு முன்பே ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்குவாளியோடு தாய்மார் ஏற்றிவிடுவார்கள். என் அண்ணன் எட்டாவது பாதியில் அந்த வண்டியில் ஏறினான். கட்டை அடுக்குகிற வேலை. அதாவது சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக வரிசை பிடிக்க வேண்டும். நானும் அம்மாவும் வீட்டிலிருந்து பெட்டி ஒட்டுவோம். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதால் விரல் இடுக்கெல்லாம் எரியும். கூலி குரோஸ் கணக்கு. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ்.

ஒட்டும்போது அம்மா வாய் ஓயாமல் கணக்குச் சொல்வாள். இந்த வாரக் கூலியில் பலசரக்குக் கடைக்கு இவ்வளவு, மண்ணெண்ணெய்க்கு இவ்வளவு, உன் நோட்டுக்கு இவ்வளவு என்று. நான் ஒட்டிய பெட்டி என்னவாக மாறி வீட்டுக்குள் வந்தது என்று எனக்குத் தெரியும். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது நான் தொடக்கப் பள்ளியில் இருந்தேன். அங்கே சமைத்த ஆயாம்மா என் விரலைப் பார்த்துவிட்டு, சாப்பிடும் முன் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். அந்தச் சோற்றை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பசியால் மட்டும் அது வந்திருக்காது. அவர் பார்த்தார், அதனால் வந்தது.

அண்ணனுக்கு இந்த இரண்டுமே இல்லை. அவன் கூலி நேராக அப்பா கைக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்பது ஊருக்கே தெரியும். உன்னால்தான் உலை கொதிக்கிறது என்று அவனிடம் ஒருவரும் சொன்னதில்லை. இன்று அவனுக்கு யார் நல்லது செய்தாலும், "இவன் எதுக்கு அடி போடுறான்?" என்றுதான் கேட்பான். வெயிலில் நின்றவன்தான் அவனும். ஆனால் யாரோ பிடித்துத் தள்ளி நிறுத்திய வெயில் அது. 1996இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் சிறுவர்களை வைத்த முதலாளிகள் பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று சொன்னது. செய்தியைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தான். "இப்ப சொல்றாங்க" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது செல்லத்துக்கு வருகிறேன். அதே அண்ணன் தன் மகளைத் தரையில் கால் பட விடாமல் வளர்த்தான். கேட்டதற்கு முன்னால் வாங்கிக்கொடுப்பான். கெட்டுப்போவாள் என்று சொந்தமெல்லாம் சொன்னது, நானும் பயந்தேன். அவள் நர்ஸ் படித்தாள். அம்மா படுக்கையில் விழுந்த கடைசி மாதங்களில் முகம் சுளிக்காமல் எல்லாம் அள்ளிக் கழுவியவள் அவள்தான். அண்ணன் அவளிடம் எதையும் மறைத்ததில்லை. சம்பளம், வட்டிக்கு வாங்கியது, நகை அடகில் இருப்பது எல்லாம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தனக்கு யாரும் சொல்லாத கணக்கை அவன் மகளுக்குச் சொன்னான் என்று நினைத்துக்கொள்வேன்.

அதனால் திருப்பூர் தம்பி, உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் பையனுக்குக் குறைவது கஷ்டம் இல்லை. வீட்டுக்குள் பணம் எப்படி வருகிறது என்பதே அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு சனிக்கிழமை சம்பளம் போடும்போது யூனிட்டுக்குக் கூட்டிப்போங்கள். வேலை வாங்காதீர்கள், பக்கத்தில் உட்கார வையுங்கள். தாத்தா வீட்டுக்கும் தாராளமாக அனுப்புங்கள், ஆனால் தண்டனையாக வேண்டாம். ஆடு மேய்ப்பதைத் தண்டனையாகக் காட்டினால், ஆடு மேய்த்து உங்களை வளர்த்த தாத்தாவையே அவன் இளக்காரமாகப் பார்க்கக் கற்றுக்கொள்வான்.

மழைத்தூறல்:

கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். அக்கா சொல்வதற்கு ஆய்விலும் ஆதாரம் இருக்கிறது. 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றி கிளென் எல்டர் நீண்ட காலம் ஆராய்ந்தார். கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் 1920, 21இல் பிறந்தவர்களுக்குக் குடும்பம் நொடித்தபோது ஓரளவு வயது வந்திருந்தது. பையன்கள் சின்ன வேலைகளுக்குப் போனார்கள், பெண்கள் வீட்டைத் தாங்கினார்கள். தங்களால் வீட்டுக்குப் பயன் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்தது, பெரும்பாலோர் பிற்காலத்தில் நன்றாகவே வந்தார்கள். பக்கத்து நகரமான பெர்க்லியில் 1928, 29இல் பிறந்தவர்கள் அப்போது சின்னஞ்சிறுசுகள். பறிபோனதையும் அப்பாவின் கோபத்தையும் அனுபவிக்கத்தான் அவர்களால் முடிந்தது. அடி பலமாக விழுந்தது அவர்களுக்கு, முக்கியமாகப் பையன்களுக்கு.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமையும் குடும்பச் சண்டையும் சூழ வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல குணமுள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். பாட்டியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, பாசமாக ஒருவராவது அவர்களுக்கு அமைந்திருந்தார். மீதி இரண்டு பங்கை நாம் மறந்துவிடுகிறோம். கஷ்டப்பட்டு முன்னேறியவர்கள்தானே மேடையில் பேசுகிறார்கள்?

திருப்பூர் அப்பா:

அக்கா, உங்கள் பதிவை மனைவியிடம் காட்டினேன். சனிக்கிழமை கூட்டிப்போகிறேன். ஒரு சந்தேகம். யூனிட்டுக்கு வங்கிக் கடன் இருக்கிறது, சில மாதம் தவணை கட்டவே திணறல். அதையும் சொன்னால் சின்னப் பையன் பயந்துவிட மாட்டானா?

சாத்தூர்க்காரி:

பயப்படுவான் தம்பி. அதனால் எடுத்த எடுப்பில் கடனில் தொடங்க வேண்டாம். கரண்ட் பில், அவன் பள்ளிக் கட்டணம், வீட்டு மளிகை, இப்படித் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். கடன் பேச்சு வரும்போது அதைக் கட்டுவது உங்கள் பொறுப்பு, அவன் பொறுப்பு இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எங்கள் அம்மா அதை மட்டும் சொல்லவில்லை. ராத்திரியில் கடைக்காரர் குரல் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும்.

அவன் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ஆர்டர் குறைந்த மாதம் என்றால் குறைந்தது என்றே சொல்லுங்கள். எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம் என்று அவனிடமும் யோசனை கேளுங்கள். முதலில் உங்கள் செலவைத்தான் குறைக்கச் சொல்வான். அதையும் ஒரு மாதம் செய்து பாருங்கள்.