ஆறு கோழிகளுக்குக் கொல்லையில் கூண்டு: என் திட்டத்தில் எதை மாற்ற வேண்டும்?

புதுக்கூண்டு:

கொல்லையில் ஆறு பெட்டைக் கோழிகளுக்கு மரக்கூண்டு அடிக்கப் போகிறேன். நீளம் 6 அடி, அகலம் 4 அடி, தரையிலிருந்து 2 அடி உயர்த்தி. அதை ஒட்டி, பகலில் உலாவ 10 அடிக்கு 6 அடி வலையடைப்பு. சுற்றிலும் அறுகோணக் கண் கோழிவலை. சாரல் அடிக்காமல் இருக்க நாலு பக்கமும் பலகை, ஒரு பக்கம் மட்டும் சின்ன ஜன்னல். அடைவதற்கு பிவிசி குழாய் இரண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. முட்டையிட ஆறு பெட்டி. வாங்கப் போவது ஒருநாள் குஞ்சுகள். எத்தனை வாரம் பல்புக்கு அடியில் வைக்க வேண்டும்? திட்டத்தில் தப்பு இருந்தால் மரம் அறுப்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

மரவேலை:

இடக்கணக்கு சரி. இரவு தங்க ஒரு கோழிக்கு 4 சதுர அடி, பகலில் உலாவ 10 சதுர அடி. உங்கள் 24-ம் 60-ம் ஆறு கோழிக்கு அப்படியே பொருந்துகிறது, ஏழாவதுக்கு இடமில்லை. பிறகு கூட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே பெரிதாக அடியுங்கள். நெருக்கடி வந்தால் ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும். ஒருமுறை ரத்தம் கண்டுவிட்டால் நிறுத்துவது கஷ்டம்.

மாற்ற வேண்டியதில் முதலாவது வலை. அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. நாய் கடித்து இழுத்தால் முறுக்குப் பிரிந்துவிடும். எலியும் சின்னப் பாம்பும் கண் வழியாகவே நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள கால்வனைஸ் வெல்டுமெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) போடுங்கள், 19 கேஜ் கம்பி போதும். ஸ்டேப்ளர் பின்னை மட்டும் நம்பாதீர்கள். வலையின் ஓரத்தின் மேல் ஒரு மரச்சட்டம் வைத்து, அரை அடிக்கு ஒரு ஸ்க்ரூ முடுக்குங்கள். அடைப்பின் மேற்பகுதிக்கும் வலை வேண்டும், பருந்தும் பூனையும் மேலிருந்துதான் வரும்.

தோண்டி வரும் விலங்குக்காகச் சுவர்போல ஆழமாக வலையைப் புதைக்க வேண்டியதில்லை. அடைப்பின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக 2 அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து, ஆணிக்கம்பி அடித்து, மேலே மண் போட்டுவிடுங்கள். விலங்கு சுவரின் காலடியில்தான் தோண்டும். நகம் வலையில் மாட்டும். இரண்டடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. கதவுக்கு வெறும் கொக்கி போதாது, மூக்கால் நெம்பித் தூக்கிவிடும். தாழ்ப்பாள் போட்டு அதன் துளையில் ஒரு பின்னும் செருகுங்கள்.

இரண்டாவது காற்று. நாலு பக்கமும் பலகை அடைப்பதுதான் உங்கள் திட்டத்தில் இருக்கும் பெரிய தவறு. கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது, எல்லாம் எச்சத்தோடு சேர்ந்தே வரும். மூச்சிலும் ஈரம் வெளியேறும். அடைத்த கூண்டில் அந்த ஈரம் கூளத்தில் (தரையில் பரப்பும் உமி, மரச்சீவல்) இறங்கி அம்மோனியா கிளம்பும், கண்ணும் மூச்சுக்குழலும் கெடும். நின்றுகொண்டு மோந்து பார்த்தால் தெரியாது. குத்துக்காலிட்டு, கோழியின் தலை உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். அங்கே கண் கரித்தால் கோழிக்கு இரவு முழுக்க அதுதான் காற்று.

ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி திறப்பு என்று வையுங்கள். இரண்டு நீளச் சுவர்களிலும் கூரைக்குக் கீழே ஒரு அடி உயரத்துக்குப் பலகை இல்லாமல் வெல்டுமெஷ் மட்டும் விட்டால் 12 சதுர அடி கிடைக்கிறது, தாராளம். கூரை விளிம்பை ஒன்றரை அடி வெளியே நீட்டிவிட்டால் சாரல் உள்ளே வராது. கோழி அடையும் உயரத்தில் பலகை இருக்கட்டும், தூங்கும் கோழி மேல் நேராகக் காற்று அடிக்கக் கூடாது. வெயில் கடுமையான இடமாக இருந்தால் கூண்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், திறப்பையும் இன்னும் கூட்டுங்கள்.

குழாய் வேண்டாம், வழுக்கும். 2 அங்குல அகலமுள்ள மரக்கட்டை, மேல் விளிம்பு இரண்டையும் இழைத்து உருட்டியது. ஒரு கோழிக்கு 10 அங்குலம் என்றால் 5 அடி, ஆகவே ஆறடிக் கட்டை ஒன்றே போதும். கூண்டின் உள்தரையிலிருந்து 2 அடி உயரம், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்தால் மேலே இருப்பது கீழே இருப்பதன் முதுகில் எச்சமிடும். முட்டைப்பெட்டி இரண்டு போதும், நாலைந்து கோழிக்கு ஒன்று என்பது கணக்கு. ஆறு வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும். 12 அங்குலக் கனசதுரம், முன்னால் 4 அங்குலத் தடுப்பு. பெட்டியின் தரை கட்டையைவிடத் தாழ்ந்திருப்பது முக்கியம். கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் அடையும், பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி எச்சமிட்டு முட்டையெல்லாம் அழுக்காகும்.

பின்சுவர் முழுவதையும் கீல் வைத்துத் திறக்கும்படி அடியுங்கள். கை எட்டாத மூலை சுத்தமாகவே இருக்காது.

குஞ்சுப்பெட்டி:

குஞ்சு விஷயம் மட்டும் சொல்கிறேன். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்து, வெளி வெப்பத்தோடு சமமாகும்வரை. பெரும்பாலும் ஐந்தாறு வாரம், வெப்பமான பருவத்தில் மூன்று நாலு வாரத்திலேயே முடிந்துவிடும். உடம்பில் பஞ்சு போய் இறகு மூடியிருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அளவுகோல். எல்இடி பல்பில் சூடு வராது. இழை பல்பு 60 வாட் அல்லது வெப்ப விளக்கு வேண்டும், கயிற்றில் மட்டும் தொங்கவிடாமல் சங்கிலியிலும் கட்டுங்கள். கூளத்தில் விழுந்தால் தீப்பிடிக்கும்.

வெப்பமானி குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்கட்டும். ஆனால் அதைவிடக் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. அதனால் பல்பை நடுவில் வைக்காமல் பெட்டியின் ஒரு முனையில் வையுங்கள், வேண்டியபோது விலகிப்போக இடம் இருக்கும்.

வெறும் செய்தித்தாள் விரிக்காதீர்கள். வழுக்கிக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும். முதல் மூன்று நாள் சொரசொரப்பான துணி, பிறகு உமியோ மரச்சீவலோ. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும்.

தினமும் ஒவ்வொரு குஞ்சின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள், பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். ஆசனவாய்க்குச் சற்றுக் கீழே வயிற்றுப் பக்கம் கருப்பாக ஒரு பொருக்கு தெரிந்தால் அது தொப்புள், அதைத் தொடாதீர்கள்.

புதுக்கூண்டு:

இருவருக்கும் நன்றி. கூண்டின் தரைக்கும் வெல்டுமெஷ் போட்டு எச்சம் கீழே விழும்படி செய்யலாமா? தீவனம் எப்போது மாற்ற வேண்டும்?

மரவேலை:

வேண்டாம் என்பது என் கருத்து. எச்சம் முழுதும் விழாது, கம்பியில் ஒட்டிக் காயும். கட்டையிலிருந்து குதிக்கும்போது பாதம் கம்பியில் அடிபட்டுப் புண்ணாகும், உள்ளங்காலில் கருப்புப் பொருக்காகத் தெரியும். தரை பலகையாகவே இருக்கட்டும், மேலே 4 அங்குலம் உமி. வாரம் இரண்டு முறை கிளறுங்கள். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கித் திறந்தால் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் ஈரம் கூடிவிட்டது, எடுத்து மாற்றுங்கள்.

தீவனக்கணக்கு:

எட்டு வாரம்வரை 20 சதவீதம் அளவு புரதமுள்ள குஞ்சுத் தீவனம், பிறகு வளர்பருவத் தீவனம். முதல் முட்டை கண்டதும் முட்டைக்கோழித் தீவனம். அதில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். முட்டையிடாத வயதில் அதைக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். முட்டை இனங்கள் 18 முதல் 22 வாரத்தில் தொடங்கும், நாட்டினங்கள் இன்னும் தாமதமாகும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம், ஆறுக்கு மாதம் சுமார் 20 கிலோ. தண்ணீர் ஆறுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர், வெயிலில் அது இரட்டிப்பாகும். கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டிய கோழி தானே கொத்திக்கொள்ளும்.

அரிசி, சோற்று மிச்சம், தவிடு என்று போட்டுவிட்டு முட்டை குறைகிறது என்பவர்கள் அதிகம். மிச்சங்கள் மொத்தத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நாள் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் கீழே போனாலும், இறகு உதிரும் பருவத்திலும் முட்டை குறைவது இயல்பு, அதற்கு மருந்து தேட வேண்டாம்.

நோயில் இரண்டை மட்டும் மறக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தபின் மருந்து இல்லை, தடுப்பூசிதான். முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது. தடுப்பு மருந்தை ஐஸில் வைத்தே கொண்டுவர வேண்டும், சூடு பட்டால் வேலை செய்யாது. மற்றது ரத்தக்கழிச்சல். மூன்று வாரத்துக்குமேல் வரும், ஈரக்கூளம்தான் அதற்கு வழி. எச்சத்தில் ரத்தம் கண்ட அன்றே எல்லாக் குஞ்சுகளுக்கும் சேர்த்து, மருத்துவர் சொல்லும் அளவில், ஆம்ப்ரோலியம் தண்ணீரில் கொடுக்க வேண்டும். நோயுற்றதற்கு மட்டும் கொடுத்தால் போதாது. தண்ணீர்ப் பாத்திரத்தைக் கூளத்திலிருந்து தூக்கி, கோழியின் முதுகு உயரத்தில் தொங்கவிடுங்கள். கூளம் நனைவதில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

குஞ்சுப்பெட்டி:

ஒன்று விட்டுப்போச்சு. கூண்டுக்கு மாற்றிய முதல் வாரம் பகலிலும் கூண்டுக்குள்ளேயே அடைத்து வையுங்க. அதுக்கப்புறம் திறந்துவிட்டா இருட்டினதும் தானாவே அங்கே வந்து அடையும். முதல் நாளே வெளியில விட்டா மரக்கிளை, சுவர்னு கண்ட இடத்துல அடையும், ராத்திரி டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா பிடிச்சு உள்ள விட வேண்டியிருக்கும்.