அம்மாவுக்கு கிரீன் டீ கேப்சூல் குடுக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயசு, சுகர் வந்து 6 வருஷம் ஆச்சு, மெட்ஃபார்மின் 500 காலைல ஒண்ணு நைட்டு ஒண்ணு, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட்) 8.1, வெயிட் 79 கிலோ. பக்கத்து வீட்டு அக்கா சுகரும் வெயிட்டும் சேந்து குறையும்னு கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் கேப்சூல் ஒரு டப்பா குடுத்துட்டாங்க, அம்மா நாளைக்கே ஆரம்பிக்கணும்னு நிக்கிறாங்க.

நான் படிச்ச வரைக்கும் தேயிலைல இருக்கற கேட்டச்சின்ங்கற பொருள், முக்கியமா அதுல ஒரு வகையான ஈஜிசிஜி, மாவுச்சத்த சுகரா உடைக்கற என்சைம தடுக்குது, ஆனா அது பெரும்பாலும் லேப்ல பாத்தது, மனுஷங்களுக்கு வெயிட் குறையறது ரொம்ப கம்மிதான். எனக்கு பயமே லிவர்தாங்க. 2018ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், சப்ளிமென்ட்டா ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் ஈஜிசிஜியோ அதுக்கு மேலயோ போனா ரத்தத்துல லிவர் என்சைம் ஏறுதுன்னு (லிவர் பாதிப்போட அறிகுறி) சொல்லிருக்கு, இந்த டப்பால எவ்ளோ இருக்குன்னே போடல!

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 9.8 வேற, அயர்ன் மாத்திரை போடறாங்க, டீ இரும்புச்சத்த சேர விடாதுல்ல, அப்போ வெறும் கிரீன் டீ குடிச்சாலும் மாத்திரைக்கு எவ்ளோ நேரம் கேப் விடணும்?

கேப்சூல் எடுத்தவங்க யாராவது லிவர் டெஸ்ட் பண்ணி பாத்தீங்களா? டாக்டர வியாழக்கிழமைதான் பாக்க முடியும், அதுவரைக்கும் அம்மாகிட்ட என்ன சொல்லி நிறுத்தறதுன்னு சொல்லுங்க.