ஹைடெக் லேபில் ஆய்வாளரோடு நேரலை அரட்டை பாதியில் அறுந்துபோகிறது, உதவுங்கள்

பென்னாகரம்_அறிவியல் | திங்கள், இரவு 9.20

வணக்கம். பென்னாகரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 36 பிள்ளைகள். நிலத்தடி நீரை ஆராயும் ஒருவரோடு அவர்களை நேரலையில் பேச வைக்கலாம் என்று போன வியாழக்கிழமை ஏற்பாடு செய்திருந்தேன். வீடியோ இல்லை, எழுத்து அரட்டை. பிள்ளைகள் தட்டச்சு செய்து கேட்பார்கள், அவரும் தட்டச்சிலேயே பதில் சொல்வார். நாற்பது நிமிடம்.

லேபில் வேலை செய்யும் கம்ப்யூட்டர் 18. ஆறில் அரட்டைப் பக்கமே திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று சிவப்பு எச்சரிக்கை வந்தது. மற்ற பன்னிரண்டில் உள்ளே போக முடிந்தது. இரண்டு நிமிடம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒவ்வொன்றாக ‘மீண்டும் இணைகிறது’ என்று சுற்ற ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அவருக்குப் போய்ச் சேர்ந்தது மொத்தம் பதினோரு செய்தி. அதில் எட்டு ‘வணக்கம் சார்’.

என் வகுப்பில் ஒரு மாணவி பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். பல்லில் பழுப்புக் கறை. எங்கள் ஊர்ப்பக்கம் இது பல பிள்ளைகளுக்கு உண்டு. மூன்று நாளாக நோட்டில் எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்த கேள்வியை அவள் தட்டச்சு செய்து முடித்தபோது இணைப்பு போயிருந்தது. இரண்டு முறை அனுப்பிப் பார்த்தாள். போகவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மறுபடி நேரம் கொடுத்திருக்கிறார். கோளாறு கம்ப்யூட்டரிலா, இணையத்திலா, அரட்டைத் தளத்திலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளைகள் தமிழில் தட்டச்சு செய்யவும் ரொம்ப நேரமாகிறது. அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை_வாத்தியார் | திங்கள், இரவு 9.48

டீச்சர், இவ்வளவு சிரமம் எதற்கு? ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஒரு புரொஜெக்டர், வீடியோ கால். முடிந்தது. ‘ஸ்கைப் எ சயன்டிஸ்ட்’ என்று 2017-லிருந்து அமெரிக்காவில் இருந்து நடத்துகிறார்கள், வகுப்பையும் விஞ்ஞானியையும் வீடியோவில் சேர்த்து வைப்பார்கள். நாமும் அப்படியே செய்யலாமே.

பென்னாகரம்_அறிவியல் | திங்கள், இரவு 10.05

சார், போன வருடம் வீடியோவில் செய்தேன். முன்வரிசையில் நான்கு பேர் பேசினார்கள். மீதிப் பேர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்ன மாணவி கேமரா முன்னால் எழுந்து நின்று தன் பல்லைப் பற்றிக் கேட்பாளா? எழுத்து என்றால் அவள் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. அதற்காகத்தான் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஊத்தங்கரை_வாத்தியார் | திங்கள், இரவு 10.11

சரி டீச்சர், நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. பிரிட்டனில் ‘ஐ’ம் எ சயன்டிஸ்ட்’ என்று ஒன்று நடக்கிறது. அதுவும் முழுக்க எழுத்து அரட்டைதான், கடைசியில் பிள்ளைகள் பிடித்த விஞ்ஞானிக்கு ஓட்டுப் போடுவார்கள். அவர்களும் இதே காரணத்தால்தான் எழுத்தை வைத்திருப்பார்கள் போல.

ஓசூர்_நெட்வொர்க் | செவ்வாய், காலை 6.50

மேடம், நீங்கள் சொன்னதைப் பார்த்தால் இரண்டு தனித்தனிக் கோளாறு. இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் குழப்பம்.

முதலில் அந்த ஆறு. அவற்றின் திரையில் வலது கீழ் மூலையில் என்ன தேதி காட்டுகிறது என்று பாருங்கள். பாதுகாப்பான இணையப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைக்கும்தான் அது செல்லும். கம்ப்யூட்டரின் தேதி அந்த எல்லைக்கு வெளியே இருந்தால் பிரௌசர் பக்கத்தைத் திறக்க மறுத்துவிடும். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் ஒரு பட்டன் பேட்டரி. பழைய இயந்திரங்களில் அது தீர்ந்திருக்கும்.

அடுத்தது அந்தப் பன்னிரண்டு. சாதாரணப் பக்கம் ஒருமுறை இறங்கினால் போதும். அரட்டை அப்படி இல்லை, நாற்பது நிமிடமும் கம்பி அறுபடாமல் திறந்தே இருக்க வேண்டும். நடுவில் சில விநாடி திணறினாலும் விழுந்துவிடும். இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு கம்ப்யூட்டரை உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அரட்டையைத் திறந்து பதினைந்து நிமிடம் விடுங்கள். அப்புறம் பள்ளி இணையத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை மட்டும் வைத்து அதையே செய்யுங்கள். இரண்டும் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள், மீதியை அப்போது பார்ப்போம்.

பென்னாகரம்_அறிவியல் | புதன், மாலை 5.30

சார், ஆறிலும் 2015-ஆம் வருடம் காட்டுகிறது! கையால் தேதியை மாற்றினேன், பக்கம் உடனே திறந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது.

ஹாட்ஸ்பாட்டில் பதினைந்து நிமிடமும் விழவில்லை. பள்ளி இணையத்தில் ஒரே கம்ப்யூட்டர் வைத்தபோதும் விழவில்லை. 18-ஐயும் போட்டால்தான் மூன்றாவது நிமிடத்தில் சுற்ற ஆரம்பிக்கிறது.

ஓசூர்_நெட்வொர்க் | புதன், மாலை 6.15

அப்படியானால் தளத்தின் மேல் தவறில்லை, உங்கள் இணைய வரி கெட்டும் போகவில்லை. யாரோ அதை முழுசாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். லேபை வாரத்துக்கு எத்தனை நாள் போடுவீர்கள்? பல நாள் அணைந்து கிடந்த விண்டோஸ், போட்டவுடன் அப்டேட் இறக்க ஆரம்பிக்கும். எழுத்து அரட்டைக்குத் தேவைப்படுவது துளிதான், ஆனால் 18 அப்டேட் ஒன்றாக இறங்கும்போது அந்தத் துளிக்கும் இடம் இருக்காது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் என்ற பத்தியைப் பாருங்கள்.

அதுதான் என்றால், முந்தைய நாள் மதியமே எல்லாவற்றையும் போட்டு அப்டேட்டை முடிக்க விடுங்கள். அமைப்புகளில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று மாற்றி வைத்தால் அரட்டை நேரத்தில் பெரும்பாலான அப்டேட் தானாகத் தொடங்காது. பேட்டரி சிஆர் 2032 என்று கேளுங்கள், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மாற்றும்போது மின் வயரைப் பிடுங்கிவிடுங்கள்.

காரிமங்கலத்துக்காரன் | புதன், இரவு 8.40

இயந்திரத்துக்கு நண்பர் பதில் சொல்லிவிட்டார். நான் காரிமங்கலத்தில் பிறந்தவன், இப்போது பெங்களூரில் பாறைகளையும் நீரையும் ஆராய்கிறேன். இப்படியான அரட்டைகளில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், அங்கிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

முதல் ஐந்து நிமிடம் திரை முழுக்க வணக்கம்தான். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லப் போனால் நல்ல கேள்வி மேலே ஓடிப்போய்விடும். அதனால் வகுப்பு சார்பில் ஒருவர் மட்டும் வணக்கம் சொல்லட்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேரை உட்கார வையுங்கள், ஒருவர் தட்டச்சு, ஒருவர் பதிலைச் சத்தமாக வாசிக்க, ஒருவர் அடுத்த கேள்வியை யோசிக்க. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளட்டும். கம்ப்யூட்டரும் பன்னிரண்டு போதும்.

தமிழ்த் தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை முறை நல்லதுதான், ஆனால் ஒரு வாரத்தில் கை பழகாது. இப்போதைக்கு ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும் ஒலிபெயர்ப்பு முறையை வையுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். எங்களுக்குப் புரியும்.

ஒரு வேண்டுகோள், டீச்சர். கேள்விகளை முன்கூட்டியே எழுத வையுங்கள், ஆனால் நீங்கள் செப்பனிடாதீர்கள். ‘நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கலப்பதற்கான காரணங்கள் யாவை’ என்று வந்தால் அது உங்கள் கேள்வி என்று எனக்குத் தெரிந்துவிடும். ‘எங்க போர் தண்ணி ஏன் இப்படி இருக்கு’ என்று வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

அரூர்_அம்மா | வியாழன், காலை 7.05

என் மகனும் ஒன்பதாவதுதான். பிள்ளைகளுடைய சொந்தப் பெயரும் போட்டோவும் எங்கேயும் போக வேண்டாம் டீச்சர், ‘மேசை 1’, ‘மேசை 2’ என்றே வையுங்கள். எங்களிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று இருக்கிறது.

பென்னாகரம்_அறிவியல் | அடுத்த வாரம் வியாழன், இரவு 8.15

நடந்துவிட்டது! நாற்பது நிமிடமும் ஓடியது. ஒரு மேசையில் மட்டும் ஒருமுறை அறுந்தது, அதுவும் வயர் கால்பட்டு.

ஓசூர் சார் சொன்னது சரி, எல்லாவற்றிலும் அப்டேட்தான் இறங்கிக்கொண்டிருந்தது. புதன் மதியமே போட்டு முடித்துவிட்டோம். ஆறு பேட்டரியும் மாற்றியாயிற்று. அரூர் அம்மா, மேசை எண்தான் வைத்தோம், கையெழுத்தும் வாங்கினேன்.

மேசை 7-லிருந்து அவள் கேட்டாள்: ‘நான் தினமும் ரெண்டு வேளை பல் தேய்க்கிறேன். ஏன் கறை போகலை?’ வணக்கத்துக்கு அடுத்து வந்த முதல் கேள்வியே அதுதான்.

அவர் எழுதியதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். ‘நீ தேய்க்காததால் வந்ததில்லை அம்மா. விழுந்து முளைக்கும் பற்களின் வெளிப்பூச்சு ஏறக்குறைய எட்டு வயது வரை ஈறுக்கு உள்ளேயே உருவாகிறது. அந்த வருடங்களில் குடித்த தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் இருந்தால் அந்தப் பூச்சு சரியாக உருவாகாது. கறை மேலே ஒட்டியது இல்லை, உள்ளே இருப்பது. அதனால்தான் பிரஷ்ஷுக்குப் போவதில்லை. உங்கள் ஊருக்கு அடியில் கிரானைட், நைஸ் பாறைகள். அவற்றில் இருக்கும் சில தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து தண்ணீருக்கு வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது.’

அவள் அதை மூன்று முறை வாசித்தாள். அப்புறம் பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, ‘பார்த்தியா, நான் தேய்க்காம இல்ல’ என்றாள். கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

அப்புறம் பசங்களை நிறுத்த முடியவில்லை. கொதிக்க வைத்தால் போகுமா என்று மேசை 3. போகாது, தண்ணீர் ஆவியாகி ஃப்ளோரைடு அப்படியே தங்கும், அதனால் அடர்த்தி கூடத்தான் செய்யும் என்றார். எங்கள் வீட்டில் இத்தனை நாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம் என்று ஒரு பையன் எழுந்தே நின்றுவிட்டான். ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதே, என் தம்பிக்குக் கறை வராதா என்று மேசை 10. குடிப்பதற்கு அதை மட்டும் கொடுத்தால் நல்லது, ஆனால் சோற்றுக்கும் குழம்புக்கும் போர் தண்ணீர் ஊற்றினால் அதுவும் சேரும் என்றார். இது எனக்கே தோன்றியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது 2013-ல். இத்தனை வருடத்தில் சமையல் தண்ணீர் எது என்று நான் ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை.

இப்போது பிள்ளைகள் தங்கள் வீட்டு போர் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். எங்கே கொண்டுபோவது?

காரிமங்கலத்துக்காரன் | வியாழன், இரவு 9.02

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது டீச்சர்.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் உண்டு, தர்மபுரியில் விசாரியுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் களச் சோதனைப் பெட்டியும் கொடுத்திருக்கிறார்கள், முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். பெட்டியில் நிறத்தை வைத்துத் தோராயமாகத்தான் தெரியும். அதிகமாகக் காட்டுகிற போர்களை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

தண்ணீர் பிடிக்கும்போது மோட்டாரைப் போட்டவுடன் பிடிக்க வேண்டாம், ஐந்து நிமிடம் ஓடட்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். மேலே ஊர், தேதி, போர் எத்தனை அடி என்று எழுதி ஒட்டட்டும். ஆழம் தெரியாவிட்டால் போர் போட்டபோது கூட இருந்த பெரியவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

பென்னாகரம்_அறிவியல் | வியாழன், இரவு 9.10

நாளைக்கே 36 பாட்டில் சேர்க்கச் சொல்கிறேன் சார். மேசை 7 இப்போதே ஆழம் கேட்டுவிட்டாளாம், தாத்தா 600 அடி என்றாராம்.