ஆங்கர் காலியான மால்: மாற்றிக் கட்டலாமா, இடித்துத்தான் ஆகணுமா?

தூண்வரிசை:
1956-ல் மின்னசோட்டாவின் ஈடைனாவில் விக்டர் க்ரூயன் வடிவமைத்த சவுத்டேல் திறந்ததிலிருந்து மால் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான்: முனைகளில் ஆங்கர் என்னும் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர், நடுவில் சின்னக் கடைகள். பெரிய கடைக்குச் சதுர அடி வாடகை குறைவு. கூட்டத்தை இழுத்து வருவது அதன் வேலை. அந்தக் கூட்டத்துக்குச் சின்னக் கடைகள் காசு கொடுக்கும். இப்போது துணியும் டிவியும் ஆன்லைனுக்குப் போக, அந்த ஆங்கர் கடைகள்தான் காலியாகின்றன. இடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. கீழே கடை, மேலே கிளினிக், கல்லூரி, நூலகம், வீடு. மறுப்பவர்கள் வரலாம்.

நீர்ச்சரிவு:
வீடு என்று எழுதுமுன் டேப்பைப் பிடிங்க. ஒரு தளம் 80 × 80 மீட்டர் என்று வைப்போம், 6,400 சதுர மீட்டர். நாலு சுவரிலும் ஜன்னல் உடைத்தாலும் உருப்படியான வெளிச்சம் ஏழு மீட்டர்தான் உள்ளே வரும். வெளிச்சம் படும் இடம் 2,044 சதுர மீட்டர், மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. மிச்சம் குகை. அங்கே துணி விற்கலாம், குடும்பம் நடத்த முடியாது.

தூண்வரிசை:
நடுவில் 24 × 24 வெட்டி முற்றம் திறங்க. 576 போகும், முற்றத்தைச் சுற்றி 868 புதிதாக வெளிச்சத்துக்கு வரும். ஆக 2,912, மிஞ்சும் 5,824-ல் சரிபாதி. இருட்டுப் பாதியில் லிஃப்ட், படிக்கட்டு, ஸ்டோர் ரூம், ஜிம்.

நீர்ச்சரிவு:
காகிதத்தில் அழகாத்தான் இருக்கு. ஸ்லாப், அதாவது கான்கிரீட் தளம், என்ன வகை? தூண் இடைவெளி அதிகம் வேண்டும் என்பதற்காகப் பல மால்களில் போஸ்ட் டென்ஷன் போட்டிருப்பார்கள். உள்ளே விறைப்பாக இழுத்துக் கட்டிய கேபிள். முற்றம் வெட்டணும்னா கீழே முட்டுக் கொடுத்து, புது விளிம்பில் கேபிளை மறுபடி நங்கூரமிட்ட பிறகுதான் அறுக்கணும்.

அது கிடக்கட்டும், கழிவறைக்கே வருவோம். டாய்லெட், குளியலறை, சமையலறை எல்லாம் சேர்த்து வீட்டுக்கு ஐந்து துளை. 40 வீட்டுக்கு 200. ஒவ்வொன்றுக்கும் ரேடாரால் ஸ்லாபை ஸ்கேன் செய்து, கேபிள் ஓடும் கோட்டைச் சாக்பீஸால் குறித்து, அதற்கப்புறமே துளை போடும் கோர் கட்டர். பழைய வரைபடத்தை நம்பி ஓட்டை போட்டால் கேபிள் அறுபடும். கேபிளைச் சுற்றி கிரவுட் (சிமென்ட் கலவை) நிரப்பாத வகை என்றால் பாதிப்பு அந்த இடத்தோடு நிற்காது. கேபிள் போகும் நீளம் முழுக்க இழுவிசை போய்விடும்.

100 மி.மீ. குழாய்க்கு 1:60 சரிவு வைத்தால் 24 மீட்டரில் 40 செ.மீ. இறங்கும். மால் தளம் உயரமானது, இடம் இருக்கும். ஆனால் அந்தக் குழாய் ஓடுவது கீழ்க்கடையின் ஃபால்ஸ் சீலிங்குக்குள். அடைப்பு எடுக்கிற மூடியும் அங்கேதான். ஞாயிறு மாலை அடைத்துக்கொண்டால் கடை மூடும்வரை கடைக்காரன் ஏணி போட விடமாட்டான். ஒழுகினால் கீழே சரக்கு.

தூண்வரிசை:
சரி, வீட்டை விட்டுக்கொடுக்கிறேன், ஒடுங்கலான கட்டடம் தவிர. அமெரிக்காவின் பிராவிடன்ஸில் 1828-ல் கட்டிய ஆர்கேடின் (கூரையிட்ட கடைவீதி) மேல்தளங்களைச் சின்ன வீடுகளாக்கினார்கள். கண்ணாடிக் கூரை அங்கே ஏற்கெனவே இருந்தது.

பகல் நேரப் பயன்பாட்டுக்கு என்ன சொல்வீங்க? ஆஸ்டினில் ஹைலேண்ட் மால் சமுதாயக் கல்லூரி வளாகமாயிற்று, பழைய ஆங்கர் கடைக்குள் 600-க்கும் மேற்பட்ட கணினிகளோடு. நாஷ்வில்லில் ஒன் ஹண்ட்ரட் ஓக்ஸ் மாலுக்குள் வாண்டர்பில்ட் மருத்துவ மையம் வந்தது, கீழே கடைகள் இருக்கும்போதே.

குளிர்வாசல்:
வாண்டர்பில்ட் கொண்டுவந்தது வெளிநோயாளர் பிரிவு. அதனால்தான் சரிப்பட்டது. ஆபரேஷன் தியேட்டருக்கு மணிக்கு 20 முறை காற்று மாறணும். கடைக்குப் போட்ட ஏசி அதற்கு எட்டாது. வெளிநோயாளர் பிரிவுக்கே ஒரு சிக்கல் உண்டு. பல மால்களில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலுள்ள வெற்றிடம்தான் திரும்பும் காற்றுக்கு வழி. தடுப்புச் சுவர் சீலிங்கோடு நின்றால் நோயாளியின் இருமல் பக்கத்துக் கடைக்குப் போய், மறுபடி வரும். தனி ஏஹெச்யூ (காற்றைக் குளிர்வித்து அனுப்பும் இயந்திரம்), தனி டக்ட் (காற்றுக் குழாய்), ஸ்லாபைத் தொடும் சுவர், மூன்றும் வேண்டும்.

வெர்மான்ட்டின் பர்லிங்டனில் 2021-ல் ஒரு உயர்நிலைப் பள்ளியைப் பழைய மேசீஸ் கடைக்குள் தற்காலிகமாக நடத்தினார்கள். எஸ்கலேட்டர் அப்படியே, வகுப்பறைக்கு ஜன்னல் இல்லை, தடுப்புச் சுவர் கூரை வரை போகவில்லை. பக்கத்து வகுப்பின் பாடமும் சேர்ந்து காதில் விழும்.

நூலகமும் மேல்தளத்தில் வேண்டாம். கடை ஸ்லாப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 400 முதல் 500 கிலோ தாங்கும். நெருக்கமான புத்தக அடுக்கு அதைத் தாண்டும். தரையில் வைங்க.

வாடகைச்சீட்டு:
எல்லோரும் கான்கிரீட்டையே தட்டுறீங்க. ஆங்கர் போனால் சின்னக் கடைக்கு வாடகையைக் குறைக்கவோ காலி செய்யவோ உரிமை தரும் ஷரத்து பல குத்தகைகளில் உண்டு. அங்கே கல்லூரி வந்தால் அது ஆங்கராகக் கணக்கில் சேராது, 'டிபார்ட்மென்ட் ஸ்டோர்' என்று எழுதியிருந்தால். மாணவர் கூட்டம் வந்தாலும் வாடகை ஏறாது. சில மால்களில் ஆங்கர் கட்டடமும் அடிமனையும் அந்தக் கடைக்கே சொந்தம். பார்க்கிங்கில் ஒரு கோடு மாற்றவும் அவன் கையெழுத்து வேண்டும்.

இன்னொன்று. விற்பனையில் சதவீதம் என்று வாடகை வைத்த கடையில், ஆன்லைனில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஆள் வருகிறான். ரீஃபண்ட் அந்தக் கடைக் கணக்கில் கழிந்தால் மால் வாடகை குறையும். விற்றது வேறெங்கோ, ஆளும் ஏசியும் இங்கே. ஆன்லைன் ஆர்டரின் ரீஃபண்டைக் கழிக்கக் கூடாது, கடையில் வந்து எடுத்த ஆர்டரைச் சேர்க்கணும் என்று இரண்டு வரி புது ஒப்பந்தத்தில் எழுதாத மாலுக்கு மேல்தளத்தில் என்ன வந்தாலும் கஷ்டம்தான்.

தூண்வரிசை:
ஆக முதலில் பத்திரம், அப்புறம் ஸ்கேன், கடைசியில்தான் ஆர்க்கிடெக்ட். அப்படியும் மாற்றுவது இடிப்பதைவிட மேல் என்றே சொல்வேன்.

நீர்ச்சரிவு:
பத்திரமும் ஸ்கேனும் வந்த பிறகு சொல்லுங்க. அதுவரை டாய்லெட்டை இப்போது இருக்கிற குழாய்ப் பாதையை விட்டு நகர்த்தாதீங்க.