பி.எஸ்சி. இயற்பியலுக்கு பார்ட் ஒன்: பிரெஞ்சா, தமிழா?

மின்மினி:
பி.எஸ்சி. இயற்பியலில் இடம் கிடைத்துவிட்டது, அரசு உதவி பெறும் கல்லூரி, வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். பார்ட் ஒன், அதாவது இயற்பியலோடு சேர்த்துப் படிக்க வேண்டிய மொழிப்பாடம், எது என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்தாவது வரை தமிழ் படித்தேன், பிளஸ் ஒன்னிலும் பிளஸ் டூவிலும் பிரெஞ்சு. மார்க் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள், வந்தது, 96. ஆனால் பி.எஸ்சி. சேர்க்கைக்கு மொழிப்பாட மார்க்கை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அது தனி வயிற்றெரிச்சல்.

இப்போது தமிழ் எடுத்தால் இரண்டு வருடம் விட்டுப்போனதைப் பிடிக்க முடியுமா என்று பயம். பிரெஞ்சு எடுத்தால், ஆள் குறைவு என்பதால் எல்லாத் துறைக்கும் சேர்த்து மாலை 3.30க்குத்தான் வகுப்பாம். லேப் இருக்கும் நாளில் என்ன செய்வார்கள் என்று கேட்டால் ஆபீஸில் சிரிக்கிறார்கள். எனக்கு எம்.எஸ்சி. போக வேண்டும், ஐ.ஐ.டி. கிடைத்தால் இன்னும் நல்லது. அம்மாவுக்கு நான் குரூப் ஃபோர் எழுதினால் போதும். பார்ட் ஒன் மார்க் என் மேஜரான இயற்பியலைப் பாதிக்குமா? பாதியில் மொழியை மாற்றிக்கொள்ளலாமா?

வெர்னியர்:
நான் இயற்பியல்தான் படித்தேன். பார்ட் ஒன் மொழி, பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீ மேஜரும் துணைப்பாடமும், மூன்றுக்கும் தனித்தனியாகத்தான் கிளாஸ் போட்டார்கள், "ஃபர்ஸ்ட் கிளாஸா?" என்று எவர் கேட்டாலும் அவர் கேட்பது பார்ட் த்ரீயை. அந்த வகையில் மேஜருக்கு ஆபத்தில்லை. ஆனால் மொழியில் ஒரு பேப்பர் நின்றாலும் டிகிரி கையில் வராது. அப்புறம் இன்னொன்று: 2019இல் ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கான ஜாம் நுழைவுத்தேர்வை நான் எழுதியபோது பொதுப்பிரிவுக்கு மொத்தத்தில் 55 விழுக்காடு கேட்டார்கள், அதில் மொழித்தாள், அல்லைடு என்கிற துணைப்பாடம் எல்லாம் அடக்கம், மூன்று வருடமும் சேர்த்து. இது அவ்வப்போது மாறுகிற சமாச்சாரம், நீங்கள் எழுதும் வருடத்துக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மொழியில் எப்படியோ பாஸானால் போதும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மார்க்கை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த 3.30தான். எங்களுக்கு லேப் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம். ஸ்பெக்ட்ரோமீட்டரில் டெலஸ்கோப்பைச் சரிசெய்து, முப்பட்டகத்தை மேடையில் வைத்து, நிறமாலைக் கோடு கண்ணில் பட்டு, அது நகர்ந்து நகர்ந்து நின்று திரும்புகிற இடத்தைப் பிடிக்கப்போகும்போது மணி இரண்டே முக்கால் ஆகியிருக்கும். அதற்கு மேல்தான் ரீடிங்கே எடுக்க வேண்டும். மூன்றேகாலுக்கு எழுந்து பிரெஞ்சுக்கு ஓடினால் ரெக்கார்டில் எழுத என்ன இருக்கும்? பக்கத்து மேசை ரீடிங்தான்.

கரும்பலகை:
ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன், அதனால் ஒருதலைப்பட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. பிரெஞ்சு எடுத்தால் தமிழ் அத்தோடு விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். விடாது. பார்ட் ஒன்னில் வேறு மொழி எடுப்பவருக்கு பார்ட் ஃபோர் என்கிற கூடுதல் பகுதியில் இரண்டு செமஸ்டர் தமிழ் உண்டு. பள்ளியில் தமிழே படிக்காதவருக்கு அடிப்படைத் தமிழ், கிட்டத்தட்ட ஆறாம் வகுப்பு அளவு. பன்னிரண்டு வரை படித்தவருக்குச் சிறப்புத் தமிழ். உங்களைப் போல பத்தோடு நின்றவரை எதில் போடுவது என்பதில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு மாதிரி எழுதி வைத்திருக்கிறது, உங்கள் கல்லூரியின் ரெகுலேஷனில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

மாற்றுவதைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் கல்லூரியில் முதல் சில வாரங்களுக்குள் முதல்வருக்குக் கடிதம் கொடுத்து மாற்றலாம். முதல் செமஸ்டர் தேர்வு முடிந்த பிறகு வந்தால், புதிய மொழியின் முதல் தாளையும் சேர்த்து எழுதச் சொல்லிவிடுவோம்.

பயம் வேண்டாம். முதல் செமஸ்டர் பெரும்பாலும் புதுக்கவிதை, சிறுகதை, கொஞ்சம் இலக்கிய வரலாறு. சங்கப் பாட்டு வருவதற்குள் பழகிவிடும்.

அரியர் அண்ணாச்சி:
நான் பி.காம்., கதையே வேறு, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு வார்த்தை தெரியாமல் பிரெஞ்சு எடுத்தவன் நான், ஃப்ரெண்டு எடுத்தான் என்று. மேசை பெண்பாலாம், புத்தகம் ஆண்பாலாம், ஏன் என்று கேட்டால் அப்படித்தானாம். வகுப்பில் பாதிப் பேர் உங்களைப் போல 90க்கு மேல் வாங்கி வந்தவர்கள், மேடம் அவர்கள் வேகத்துக்குப் போய்விட்டார். மூன்று அரியர். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, பிரெஞ்சில் மார்க் நிச்சயம் வரும், அதை மறைக்க மாட்டேன்.

அம்மா சொல்கிற குரூப் ஃபோரைப் பாருங்கள்: 200 கேள்வியில் 100 தமிழ், 150 மார்க், அதில் 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தரம்தான், ஆனால் டச் விட்டுப்போனால் அதுவும் உதைக்கும். எனக்கு உதைத்தது.

வெர்னியர்:
அண்ணாச்சி சொல்வது சரி. ஆனால் வெளிநாட்டில் பிஎச்.டி. என்று யாராவது ஆசை காட்டி பிரெஞ்சு எடுக்கச் சொன்னால் நம்பாதீர்கள். நாலு செமஸ்டர் பார்ட் ஒன் பிரெஞ்சை வைத்து அங்கே டீ கூட வாங்க முடியாது என்பது என் கணிப்பு.

மின்மினி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று நேரில் போய் டைம்டேபிளைப் பார்த்தேன். முதல் வருடத்துக்கு லேப் செவ்வாய், வியாழன், 1.30 முதல் 4.30 வரை. பிரெஞ்சு வாரத்தில் நான்கு நாள், அதில் செவ்வாயும் ஒன்று. லேப் பேட்ச் மாற்றித் தருவார்களா என்று கேட்டதற்கு "பார்க்கலாம்" என்றார்கள், அந்தப் பார்க்கலாமை நம்பி இரண்டு வருடம் ஓட்ட முடியாது. மற்ற நாளில் பிரெஞ்சு முடிந்து என் பஸ்ஸைப் பிடிப்பதும் சந்தேகம். தமிழ் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். 96 மார்க் பிரெஞ்சை நினைத்தால் கொஞ்சம் மனசு கேட்கவில்லைதான்.

பத்தாவது தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிக்கொண்டு போய்விட்டான், பி.டி.எஃப். இறக்கியிருக்கிறேன். செய்யுளை அசை அசையாகப் பிரித்து அலகிடுவது சுத்தமாக மறந்துவிட்டது. எங்கிருந்து தொடங்க?

கரும்பலகை:
நேர், நிரை என்ற இரண்டு அசையும் தெரிந்தால் போதும் இப்போதைக்கு. உங்கள் பெயரையே பிரியுங்கள். மின், நேர். மினி, நிரை. இரண்டும் சேர்ந்த சீருக்கு வாய்பாடு கூவிளம்.